மலை மொட்டையானால் நதி என்ன ஆகும்? கணக்குப் பார்த்துச் சொன்ன ஜார்ஜ் மார்ஷ்

மலையில் ஒருவன் ஒரு மரத்தை வெட்டுகிறான். அதனால் கீழே ஓடும் ஆற்றுக்கு என்ன கேடு வந்துவிடும்? ஒன்றும் வராது.

மறுநாள் இன்னொருவன் இன்னொரு மரத்தை வெட்டுகிறான். அதனாலும் ஒன்றும் வராது.

இப்படியே ஆயிரம் பேர் ஐம்பது ஆண்டு வெட்டுகிறார்கள். ஒரு நாள் மலை மொட்டையாக நிற்கிறது. மழை பெய்தால் ஆறு கலங்கி, கரை உடைத்து, ஊருக்குள் புகுகிறது. வயலில் கல்லும் மணலும் வந்து மூடுகின்றன. ஆற்றில் மீன் இல்லை.

குற்றவாளி யார்? அந்த ஆயிரம் பேரில் தனியாக எவனும் இல்லை. ஆனால் ஆயிரம் பேரும்தான்.

சிறு துளி பெரு வெள்ளம் என்பது பழமொழி. சிறு சிறு கேடும் அப்படித்தான் பெருங்கேடு ஆகிறது. இந்தக் கணக்கை 1864-ம் ஆண்டிலேயே ஒரு பெரிய புத்தகமாக எழுதி வைத்தவர் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் என்ற அமெரிக்கர்.

அவர் விஞ்ஞானி அல்ல. வக்கீல். தொழில் நடத்தி நஷ்டப்பட்டவர். வெளிநாடுகளில் தூதராக இருந்தவர். ஆயினும் காட்டையும் நதியையும் பற்றி உலகம் நினைத்த நினைப்பையே அவர் மாற்றினார்.

வக்கீல் வீட்டுப் பிள்ளை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள சிறிய ராஜ்யம் வெர்மான்ட். மலைநாடு. பனி கொட்டும் பிரதேசம். அங்கே உட்ஸ்டாக் என்ற ஊரில் 1801-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி மார்ஷ் பிறந்தார்.

தகப்பனார் சார்லஸ் மார்ஷ் பேர் பெற்ற வக்கீல். கண்டிப்பு மிகுந்தவர். வீட்டுக்கு அருகே ஒரு ஆறு ஓடியது. எதிரே டாம் என்ற மலை நின்றது. அந்த மலையில் அப்போது காடு இல்லை. மொட்டையாக இருந்தது.

சிறுவன் மார்ஷுக்குப் படிப்பில் ஆசை அதிகம். கிடைத்த புத்தகத்தை எல்லாம் படித்தான். கலைக்களஞ்சியத்தையே எடுத்து வைத்துக்கொண்டு, மங்கலான வெளிச்சத்தில் மணிக்கணக்காகப் படித்தான். ஏழு, எட்டு வயதிலேயே கண் கெட்டது. சுமார் நான்கு ஆண்டு அவன் புத்தகத்தைத் தொட முடியவில்லை. பிறர் படிக்க, அவன் காதால் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டான்.

புத்தகம் மூடியபோது காடு திறந்தது. மரம், செடி, பறவை, ஓடை எல்லாம் அவனுக்குத் தோழர்கள் ஆயின.

நீர் பிரியும் இடம்

தகப்பனார் அவனைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைப் பாதைகளில் போவது உண்டு. போகும் வழியில் மரங்களின் பெயரைச் சொல்லிக் கொடுப்பார். மலைத்தொடர் எந்தத் திசையில் போகிறது, மழை நீர் எப்படிச் சேர்ந்து இறங்குகிறது என்று காட்டுவார்.

ஒரு நாள் ஒரு மேட்டின் உச்சியில் குதிரையை நிறுத்தினார். அங்கே விழும் மழை, ஒரு பக்கம் ஒரு ஆற்றுக்கும் மறுபக்கம் வேறொரு ஆற்றுக்கும் பிரிந்து போவதைப் பார்க்கச் சொன்னார். நீர் பிரியும் மேடு என்றால் இதுதான் என்று விளக்கினார்.

அந்தப் பாடம் பையனின் மனத்தில் ஆழப் பதிந்தது. எழுபது வயதிலும் அவர் அதை மறக்கவில்லை. ஒரு ஆறு என்பது கரைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீர் மட்டும் அல்ல. அதற்கு நீர் தரும் மலை, சரிவு, காடு எல்லாமே ஆறுதான் என்ற எண்ணம் அங்கே முளைத்தது.

சாம்பலும் ஆடும்

மார்ஷ் வளர்ந்த காலத்தில் வெர்மான்ட் மலைகளில் கோடரிச் சத்தம் ஓயவில்லை.

குடியேறியவர்கள் விவசாயத்துக்காகக் காட்டை அழித்தார்கள். வெட்டிய மரத்தில் பெரும்பகுதியை எரித்தார்கள். சாம்பலைக் காய்ச்சி உப்பு எடுத்து விற்றார்கள். சோப்பும் கண்ணாடியும் செய்ய அந்தச் சாம்பல் உப்பு வேண்டியிருந்தது. நல்ல மரங்களைத் தெப்பமாகக் கட்டி, ஏரி வழியாகக் கானடாவுக்கு அனுப்பினார்கள்.

பிறகு ஆடு வந்தது. 1811-ம் ஆண்டில் மெரினோ என்ற உயர்ந்த ஜாதிச் செம்மறி ஆடுகள் ஐரோப்பாவிலிருந்து வெர்மான்டில் வந்து இறங்கின. கம்பளிக்கு நல்ல விலை. எல்லோரும் ஆடு வளர்த்தார்கள். 1840-ம் ஆண்டில் அந்த ராஜ்யத்தில் மனிதர்கள் 3 லட்சம் பேர்கூட இல்லை. ஆடுகளோ 16 லட்சத்துக்கு மேல்! மேய்ச்சலுக்காக மலை உச்சி வரை மரங்கள் விழுந்தன. வெட்டிய இடத்தில் முளைத்த கன்றை ஆடு கடித்தது. காடு திரும்பி வர வழியில்லாமல் போயிற்று.

தொட்டது துலங்கவில்லை

மார்ஷ் டார்ட்மத் கல்லூரியில் படித்து 1820-ம் ஆண்டில் பட்டம் பெற்றார். கொஞ்ச காலம் வாத்தியார் வேலை பார்த்தார். கண் நோய் மறுபடியும் வந்தது. பிறகு சட்டம் படித்து, 1825-ம் ஆண்டில் பர்லிங்டன் நகரில் வக்கீல் தொழில் தொடங்கினார்.

1828-ம் ஆண்டில் ஹாரியட் என்ற பெண்ணை மணந்தார். ஐந்தே ஆண்டில் பேரிடி விழுந்தது. 1833-ல் மனைவியும் மூத்த மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆறு ஆண்டு கழித்து கரோலின் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். கரோலின் நோயாளி. ஆனால் படித்தவர், கணவரின் வேலைக்குக் கடைசி வரை துணையாக இருந்தார்.

வக்கீல் தொழிலில் மார்ஷுக்கு மனம் ஒட்டவில்லை. கம்பளி ஆலையில் பணம் போட்டார். ஆடு வளர்த்தார். மர வியாபாரம் செய்தார். ரெயில் பாதைக் கம்பெனியிலும் பணம் போட்டார். எதிலும் லாபம் இல்லை. கடன்தான் மிஞ்சியது.

மலையை மொட்டையடித்த தொழில்கள் எவையோ, அவற்றில் எல்லாம் அவர் கையும் இருந்தது. எனவே அவர் பின்னால் எழுதியது தூரத்தில் இருந்து பார்த்தவர் எழுத்து அல்ல. உள்ளே இருந்து அறிந்தவர் எழுத்து.

படிப்பு மட்டும் அவரைக் கைவிடவில்லை. சுமார் 20 பாஷைகள் அறிந்தவர் என்று பெயர் எடுத்தார்.

விவசாயிகள் கூட்டத்தில்

1843-ம் ஆண்டில் மார்ஷ் அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரசுக்கு அங்கத்தினர் ஆனார். ஸ்மித்சோனியன் என்ற புகழ் பெற்ற அறிவு நிலையம் 1846-ல் தோன்ற உழைத்தவர்களில் அவரும் ஒருவர்.

1847-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி ரட்லண்ட் என்ற இடத்தில் விவசாயிகள் சங்கக் கூட்டம் நடந்தது. மார்ஷ் பேசினார்.

மரங்களை அளவுக்கு மீறி வெட்டிவிட்டோம் என்று அவர் சொன்னார். நடுவயதைத் தாண்டியவர்கள் தாங்கள் பிறந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால், தங்கள் வாழ்நாளிலேயே மலையும் ஓடையும் எவ்வளவு மாறிவிட்டன என்று தெரியும் என்றார். முன்பு அடக்கமாக ஓடிய ஓடை, இப்போது மழைக்குச் சீறுகிறது என்று எடுத்துக் காட்டினார். ஐரோப்பாவில் செய்வதுபோல் காட்டை முறையாக வளர்த்து, முறையாக வெட்டலாம் என்று யோசனை சொன்னார்.

ஊரே ஆட்டையும் மரத்தையும் நம்பிப் பிழைத்த காலம் அது. அதே ஊராரிடம் இதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

பழைய நாடுகள் சொன்ன சாட்சி

1849-ம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார் அவரைத் துருக்கிக்குத் தூதராக அனுப்பியது. அங்கிருந்து எகிப்து, சினாய், பாலஸ்தீனம் ஆகிய நாடுகளில் சுற்றினார். ஒட்டகத்தில் ஏறிப் பாலைவனம் கடந்தார்.

ஒரு காலத்தில் பெரும் நகரங்கள் செழித்த நாடுகள் அவை. இப்போது மலைகள் எலும்பாக நின்றன. மண் அடித்துக்கொண்டு போயிருந்தது. பழைய துறைமுகங்கள் மண் மூடிக் கிடந்தன.

வெர்மான்டில் ஐம்பது ஆண்டில் நடந்தது தொடக்கம் என்றால், ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டு நடந்தால் முடிவு என்ன என்பதை மார்ஷ் அங்கே கண்ணால் பார்த்தார்.

மீன் எங்கே போயிற்று?

1854-ல் அவர் ஊர் திரும்பினார். கையில் காசு இல்லை. அப்போது வெர்மான்ட் சர்க்கார் ஒரு வேலை கொடுத்தது. ஆறுகளில் மீன் குறைந்துவிட்டது. செயற்கையாக மீன் வளர்க்க முடியுமா என்று ஆராய்ந்து சொல்லவேண்டும்.

1857-ம் ஆண்டில் மார்ஷ் அறிக்கை கொடுத்தார். மீனைப் பற்றிக் கேட்டால், அவர் மலையைப் பற்றியும் பதில் சொன்னார்!

மீன் குறைந்ததற்குக் காரணம் ஒன்று அல்ல. மிதமிஞ்சிப் பிடித்தது ஒரு காரணம். அணை கட்டி, மீன் மேலே ஏறும் வழியை அடைத்தது இன்னொன்று. மரம் அறுக்கும் ஆலைகளின் தூள் ஆற்றில் கலந்தது வேறொன்று. எல்லாவற்றுக்கும் மேலே, காடு போனதால் ஆறே மாறிவிட்டது. நிழல் போனதால் தண்ணீர் சூடேறியது. மழை வெள்ளம் மீன் முட்டைகளை அடித்துக்கொண்டு போயிற்று. மீனுக்கு இரையான பூச்சிகள் குறைந்தன.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிய கேடு. ஒன்றாகச் சேர்ந்தபோது ஆறு காலி. ஒன்றன்மேல் ஒன்றாகக் கேடுகளைக் கூட்டிப் பார்க்கும் இந்த முறைதான் மார்ஷின் பெரிய கண்டுபிடிப்பு.

உலகம் படித்த புத்தகம்

1861-ல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன், மார்ஷை இத்தாலிக்குத் தூதராக நியமித்தார். புதிதாக ஒன்று சேர்ந்த இத்தாலி ராஜ்யத்துக்கு அவரே முதல் அமெரிக்கத் தூதர். சாகும்வரை 21 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

ஜெனோவா நகருக்கு அருகே கடற்கரை ஊர்களில் தங்கி, 1862-63 குளிர்காலத்தில் தம் புத்தகத்தை எழுதினார். 1864-ம் ஆண்டில் நியூயார்க்கில் அது வெளிவந்தது. பெயர் "மனிதனும் இயற்கையும்". அந்த நேரத்தில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. காயம்பட்ட சிப்பாய்களுக்கு உதவும் சங்கத்துக்குப் புத்தக உரிமையை மார்ஷ் தானமாகக் கொடுத்துவிட்டார். அவருடைய பண நிலையை அறிந்த உறவினர்கள் அதை விலைக்கு வாங்கி அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

புத்தகத்தின் மிக நீண்ட அத்தியாயம் காட்டைப் பற்றியது. காடு செய்யும் வேலையை அவர் விளக்கினார்.

மழைத்துளி நேராக மண்ணில் விழுவதில்லை. முதலில் இலையில் விழுகிறது, வேகம் குறைகிறது. தரையில் உதிர்ந்த சருகும் மக்கிய இலையும் மெத்தைபோல் கிடக்கின்றன. அவை தண்ணீரை உறிஞ்சுகின்றன. வேர்கள் மண்ணைக் கட்டிப் பிடிக்கின்றன. தண்ணீர் மெதுவாக மண்ணுக்குள் இறங்குகிறது. பனியும் நிழலில் மெதுவாக உருகுகிறது.

மரம் போனால் மெத்தை போகிறது. மண் கெட்டியாகிறது. தண்ணீர் நிற்காமல் சரிவில் பாய்கிறது; மண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறது. மேலே மண் இழந்த மலை. கீழே மண் மேடிட்ட ஆறு. இரண்டு பக்கமும் நஷ்டம்!

பிரான்சில் ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் இதுவே நடந்ததை அவர் காட்டினார். காடு அழிந்த சரிவுகளில் காட்டாறுகள் புதிதாகக் கிளம்பின. வயல்களைக் கல்லால் மூடின. ஜனங்கள் ஊரைவிட்டுப் போனார்கள். மலையில் மரம் நட 1860-ம் ஆண்டில் பிரெஞ்சு சர்க்கார் சட்டமே செய்யவேண்டி வந்தது.

இத்தாலியில் போ என்ற ஆறு. அது மலை மண்ணைக் கொண்டுவந்து கடலையே தூர்த்துக்கொண்டிருந்தது. அட்ரியா என்ற ஊர் பழைய காலத்தில் துறைமுகம். அட்ரியாடிக் கடலுக்கே அந்த ஊரின் பெயர்தான் வந்தது. இன்று அந்த ஊர் கடலைவிட்டுப் பத்து மைலுக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கிறது!

மனிதன் கெடுத்தான் என்று சொல்வதோடு மார்ஷ் நிற்கவில்லை. கெடுத்த கையே சீர்ப்படுத்தவும் முடியும் என்றார். மரம் நடலாம், ஆற்றின் தலைமாட்டுக் காடுகளைப் பொதுச்சொத்தாகக் காக்கலாம் என்றார்.

சென்னையில் பிறந்த டாக்டர்

புத்தகம் இந்தியாவுக்கும் வந்தது. ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1820-ல் சென்னையில் பிறந்தவர். 1856-ல் சென்னை ராஜதானியின் காடுகளுக்கு முதல் பாதுகாப்பு அதிகாரி ஆனவர். இமயமலைச் சரிவுகளிலும் காஷ்மீரிலும் திபெத் பக்கமும் போனபோது மார்ஷின் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் சென்றதாக அவர் மார்ஷுக்குக் கடிதம் எழுதினார்.

இத்தாலிய பாஷையிலும் புத்தகம் வந்தது. மார்ஷ் அதைத் திருத்தி, பெருக்கி, 1874-ல் மீண்டும் வெளியிட்டார்.

கடைசிப் பயணம்

மார்ஷுக்கு 81 வயது ஆயிற்று. 1882-ம் ஆண்டு கோடைக்கு வல்லம்புரோசா என்ற மலை ஊருக்குப் போனார். பிளாரன்ஸ் நகருக்கு அருகே உள்ள காட்டு ஊர் அது. இத்தாலியின் வனக் கல்லூரி 1869 முதல் அங்கே நடந்துவந்தது. மரம் வளர்க்கப் படிக்கும் இளைஞர்களோடு அவர் பேசி மகிழ்ந்தார்.

ஜூலை 23-ந் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது.

வனக் கல்லூரி மாணவர்களே அவர் உடலைச் சுமந்து, மரங்களின் நடுவே மலையிலிருந்து இறக்கினார்கள். ரோமாபுரியில் அடக்கம் நடந்தது. பிறந்த மலையை அவர் மீண்டும் பார்க்கவில்லை.

சட்டங்கள் வந்தன

நியூயார்க் ராஜ்யத்தில் அடிராண்டாக் என்ற மலைக்காடு உண்டு. ஹட்சன் நதி அங்கேதான் பிறக்கிறது. அந்தக் காட்டைக் காக்கவேண்டும் என்று மார்ஷ் தம் புத்தகத்தில் எழுதியிருந்தார். அவர் இறந்து மூன்று ஆண்டில், 1885-ல், அது பாதுகாப்புக் காடு ஆயிற்று. அங்கே சர்க்கார் நிலத்தில் மரம் வெட்டக் கூடாது என்று 1894-ல் ராஜ்யத்தின் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள்.

1911-ல் வீக்ஸ் சட்டம் வந்தது. கப்பல் போகும் ஆறுகளின் தலைமாட்டில் உள்ள காட்டு நிலங்களை மத்திய சர்க்கார் விலைக்கு வாங்கிக் காக்க அது வழி செய்தது.

அளந்து பார்த்தார்கள்

மார்ஷ் கண்ணால் கண்டதையும் படித்ததையும் வைத்து எழுதினார். பின்னால் வந்த விஞ்ஞானிகள் அளந்தே பார்த்தார்கள்.

வெர்மான்டுக்குப் பக்கத்து ராஜ்யம் நியூஹாம்ப்ஷயர். அங்கே ஹப்பர்ட் புரூக் என்ற காட்டில், ஒரு ஓடைக்கு நீர் தரும் சுமார் 38 ஏக்கரில் எல்லா மரங்களையும் 1965-ம் ஆண்டு இறுதியில் வெட்டினார்கள். மீண்டும் செடி முளைக்காமல் மருந்து தெளித்தார்கள். ஓடையில் தண்ணீரை அளந்தார்கள்.

முதல் ஆண்டிலேயே ஓடை நீர் சுமார் 40 சதவிகிதம் கூடியது. மரங்கள் குடித்து ஆவியாக விட்ட தண்ணீர் எல்லாம் ஓடைக்கு வந்தது. அதோடு மண்ணின் சத்தும் பல மடங்கு கரைந்து ஓடியது. நிலத்தின் உரம் ஆற்றோடு போயிற்று.

மரம் வெட்டினால் ஓடை வற்றும் என்று மார்ஷ் நம்பினார். அது எல்லா இடத்திலும் சரியல்ல என்று இதனால் தெரிந்தது. பேய்மழை கொட்டும்போது காடு மட்டுமே வெள்ளத்தைத் தடுத்துவிடாது என்பதும் தெரிந்தது. 1927-ம் ஆண்டு நவம்பரில் வெர்மான்டில் பெருவெள்ளம் வந்தது. 84 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்கள் போயின. மலைகளில் காடு திரும்பி வளர்ந்துகொண்டிருந்த காலம் அது.

ஆனால் மண் அரிப்பு, கலங்கல், மீன் அழிவு, மண் மேடிடுதல் ஆகியவற்றில் மார்ஷ் சொன்னது நிலைத்தது. மரம் வெட்டுவதைவிட, வெட்டிய மரத்தை இழுக்கப் போடும் பாதைகள்தான் அதிக மண்ணை ஆற்றில் தள்ளுகின்றன என்றும் கண்டார்கள்.

அவருடைய முறையும் நிலைத்தது. ஒரு இடத்தில் வெட்டும் மரத்தை மட்டும் பார்க்காதே. முன்பு வெட்டியது, இப்போது வெட்டுவது, இனி வெட்டப்போவது எல்லாவற்றையும் கூட்டி ஆற்றுக்கு என்ன ஆகும் என்று பார். 1978-ம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார் எழுதிய சுற்றுப்புற விதிகளிலும் இந்தக் கருத்து இடம் பெற்றது.

மீண்டும் பச்சை

மார்ஷ் வளர்ந்த வீட்டை 1869-ல் பிரெடரிக் பில்லிங்ஸ் என்ற வக்கீல் வாங்கினார். பின்னாளில் அவர் ரெயில்வே கம்பெனித் தலைவராகவும் ஆனார். மார்ஷின் புத்தகத்தைப் படித்தவர். எதிரே நின்ற மொட்டை மலையில் ஆயிரக்கணக்கில் மரக்கன்றுகளை நட்டார். இன்று டாம் மலையில் ஓங்கிய காடு நிற்கிறது. அந்த வீடும் காடும் 1992-ல் தேசியப் பூங்கா ஆயின.

ஆடு வியாபாரம் படுத்தது. விவசாயிகள் மேற்கே போனார்கள். மேய்ச்சல் நிலங்களில் காடு தானே திரும்பி வந்தது. ஒரு காலத்தில் மரம் இழந்த வெர்மான்டில் இன்று முக்கால் பங்கு காடு.

மலையைக் கெடுத்தது ஒரே நாளில் அல்ல. மலை பிழைத்ததும் ஒரே நாளில் அல்ல. ஒருவன் வெட்டும் ஒரு மரம் கணக்கில் சேருவதுபோல, ஒருவன் நடும் ஒரு கன்றும் கணக்கில் சேரும். நதி இரண்டையும் மறப்பதில்லை.